பொழுதுபோக்காகச் சைக்கிள் ஓட்டத் தொடங்குபவர் எந்த வண்டியை வாங்கலாம்?

பள்ளிக் காலத்துக்குப் பிறகு சைக்கிளைத் தொடவே இல்லை என்றும், 40 வயதை நெருங்கும் இப்போது விடுமுறைக் காலைகளில் 20, 30 கிலோமீட்டர் ஓட்டிவர ஆசைப்படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கடையில் 21 கியரும் முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பரும் கொண்ட மலை வண்டியைக் காட்டுகிறார்கள். நண்பர் ஒருவரோ கைப்பிடி கீழ்நோக்கி வளைந்த ரேஸ் வண்டிதான் சரி என்கிறார். இரண்டில் எதை வாங்குவது என்பது உங்கள் கேள்வி. என் விடை இரண்டும் வேண்டாம் என்பதே. ஷாக் அப்சார்பர் இல்லாத, நேரான ஹேண்டில்பார் கொண்ட, 35 முதல் 42 மில்லிமீட்டர் அகலமுள்ள டயர் பூட்டிய ஹைப்ரிட் வண்டி ஒன்றை, உங்கள் உடலுக்குச் சரியான அளவில் வாங்குங்கள். இந்த வாக்கியத்தில் மிக முக்கியமானது அளவு, அதற்கு அடுத்தது டயர். கடைக்காரர் முதலில் எடுத்துச் சொல்லும் கியர் எண்ணிக்கையும் ஃபிரேமின் உலோகமும் அவற்றுக்கு வெகுவாகப் பின்னால்தான் வருகின்றன.

வண்டியின் வகையை முடிவு செய்ய வேண்டியது நீங்கள் ஓட்டப் போகும் தரை. அடுத்து வரும் பத்துப் பயணங்களை மனத்தில் ஓட்டிப் பாருங்கள்: அவற்றில் எத்தனை தார்ச்சாலையில், எத்தனை மண்பாதையில், எத்தனை ஏற்றமான பகுதியில் அமையும்? வண்டியைத் தரைத்தளத்தில் நிறுத்த இடம் உண்டா, நாள்தோறும் மாடிப்படியில் தூக்கிச் செல்ல வேண்டுமா? தனியாக ஓட்டுவீர்களா, வேகமாகச் செல்லும் குழுவோடு போவீர்களா? வருடத்துக்கு ஒருமுறை போகக்கூடிய மலைப்பயணத்தை எண்ணி வண்டி வாங்கிவிட்டு, மீதி நாளெல்லாம் அதன் பாரத்தைத் தார்ச்சாலையில் இழுத்துக்கொண்டு திரிபவர்கள் ஏராளம். ஒன்பது பயணங்கள் எங்கே நடக்குமோ அந்த இடத்துக்கு வாங்குங்கள். பத்தாவதற்கு வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

மலை வண்டி எதற்காக உருவானது என்பதைத் தெரிந்துகொண்டால் இந்தத் தேர்வு எளிதாகும். 1970களில் கலிபோர்னியாவின் மாரின் மாவட்டத்தில், டமால்பைஸ் மலையைச் சுற்றியுள்ள கரடுமுரடான மண்பாதைகளில் வேகமாக இறங்குவதற்காக, தடித்த டயர் கொண்ட பழைய கனத்த வண்டிகளை இளைஞர்கள் மாற்றியமைத்தார்கள். அதிலிருந்துதான் இன்றைய மலை வண்டி வந்தது. அகன்ற டயர், நீண்ட ஷாக், அகலமான ஹேண்டில்பார் எல்லாம் கல்லிலும் வேரிலும் பாய்ந்து இறங்கும்போது வண்டியைக் கட்டுக்குள் வைப்பதற்கானவை. நல்ல ஷாக் விலை மிகுந்த கருவி. குறைந்த விலை வண்டிகளில் வருவது பெரும்பாலும் ஒரு சுருள்வில்லும் இரண்டு குழாய்களும் மட்டுமே. வில்லின் துள்ளலை அடக்கும் அமைப்பு அதில் இருப்பதில்லை. அது வண்டிக்கு ஒரு கிலோவுக்கு மேல் எடையைக் கூட்டுகிறது, நீங்கள் எழுந்து மிதிக்கும்போது முன்பக்கத்தைக் குதிக்க வைக்கிறது, சில மழைக்காலங்களுக்குப் பிறகு துருவேறி அசையாமல் நின்றுவிடுகிறது. பின்பக்கத்திலும் ஷாக் உள்ள மலிவான வண்டியை எந்தக் காரணத்துக்காகவும் வாங்காதீர்கள் என்று தயங்காமல் சொல்வேன்.

ரேஸ் வண்டியின் குறை வேறு வகையானது. அதன் தாழ்ந்த உடல்நிலைக்குக் காரணம் காற்று. காற்றைக் கிழித்துச் செல்லத் தேவைப்படும் ஆற்றல் வேகத்தின் முப்படிக்கு ஏற்ப உயர்கிறது. மணிக்கு 20 கிலோமீட்டரிலிருந்து 25க்குப் போனால் காற்றுக்கு மட்டும் செலவாகும் ஆற்றல் ஏறத்தாழ இரட்டிப்பாகும். மணிக்கு 30க்கு மேல் நெடுநேரம் ஓட்டுபவருக்குக் குனிவதில் பெரும் லாபம் உண்டு. 16 முதல் 20 வரையிலான வேகத்தில் சுற்றிப் பார்த்துக்கொண்டே போகிறவர் நிமிர்ந்திருப்பதால் இழப்பது சிறிதே. அதற்காகக் கழுத்தையும் இடுப்பையும் வருத்திக்கொள்ள வேண்டியதில்லை. பின்னாளில் வேகத்தின் மீது ஆசை வந்தால் அப்போது ரேஸ் வண்டி வாங்கலாம். ஹைப்ரிட் வண்டியில் ஓடிப் பழகிய கால்கள் அதற்கும் பயன்படும்.

மற்ற வகைகளைப் பற்றி ஓரிரு சொல். கிராவல் வண்டி என்பது வளைந்த கைப்பிடியும் 40 மில்லிமீட்டர் அளவிலான அகன்ற டயரும் கொண்டது. மண்பாதையிலும் சாலையிலும் நீண்ட தூரம் போக விரும்புபவருக்கு மிகப் பொருத்தம், ஆனால் ஹைப்ரிட்டைவிட விலை கூடுதல். 20 அங்குலச் சக்கரமுள்ள மடக்கு வண்டி வீட்டில் இடமில்லாதவர்களுக்கும் ரயிலில் கொண்டுபோகிறவர்களுக்கும் நல்லது. அதன் திருப்பம் சற்றுப் பதற்றமாக இருக்கும், சில நாளில் பழகிவிடும். மின்மோட்டார் துணையோடு ஓடும் வண்டி முழங்கால் தொல்லை உள்ளவர்களுக்கும் ஏற்றமான பகுதியில் வாழ்பவர்களுக்கும் வரம்தான், ஆனால் பெரும்பாலும் 20 கிலோவைத் தாண்டும் எடையை யார் தூக்குவது என்பதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ள வேண்டும். மட்கார்டும் கேரியரும் செயின் மூடியும் கொண்ட, நிமிர்ந்து உட்காரும் சாதாரண வண்டியை இழிவாக நினைக்க வேண்டாம். தட்டையான ஊரில் பத்துக் கிலோமீட்டருக்குள் சுற்றுபவருக்கு அதைவிடத் தொல்லை குறைந்த வண்டி வேறில்லை.

இனி அளவு. வெறுங்காலுடன் சுவரில் முதுகு சாய்த்து, பாதங்களைச் சற்று அகற்றி நின்று, தடித்த புத்தகம் ஒன்றைக் கால்களுக்கிடையில் சைக்கிள் சீட்டைப் போல மேல்நோக்கி அழுத்திப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளந்துகொள்ளுங்கள். இந்த உட்கால் அளவுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை, ஏனென்றால் ஒரே உயரமுள்ள இருவருக்குக் கால் நீளத்தில் பல சென்டிமீட்டர் வேறுபாடு இருப்பது இயல்பு. வண்டியின் மேல்குழாயின் இருபுறமும் கால் வைத்து நிற்கும்போது குழாய்க்கும் உடலுக்கும் இடையே மூன்று சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். கரடுமுரடான பாதையில் ஓட்டுவதானால் ஐந்துக்கு மேல் இருப்பது நல்லது. சிறியது, நடுத்தரம், பெரியது என்று ஒட்டப்பட்டிருக்கும் எழுத்துகளை நம்பிவிடாதீர்கள். ஒரு நிறுவனத்தின் நடுத்தரம் மற்றொன்றின் பெரியதாக இருக்கும். ஒவ்வொரு நிறுவனமும் தன் வண்டிக்கென வெளியிடும் அளவு அட்டவணையைப் பார்ப்பதே சரி.

உயரத்தைவிட அதிகம் கவனிக்கப்படாமல் போவது சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் இடையிலான, கை எட்டும் தூரம். சீட்டை ஏற்றலாம், இறக்கலாம். ஃபிரேமின் நீளத்தை மாற்ற முடியாது. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம் என்ற துண்டைக் குட்டையாக மாற்றினால் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கிடைக்கும், அதற்கு மேல் போனால் வண்டியின் திருப்பம் கெடும். சரியான நீளத்தில் முழங்கை சற்று மடிந்திருக்கும், தோள் காதை நோக்கி உயராது, கையை எடுத்துவிட்டாலும் முதுகு தன் பலத்திலேயே சில நொடிகள் நிற்கும். இரண்டு அளவுகளுக்கு இடையில் விழுகிறவர் நெடுநாள் உடற்பயிற்சி இல்லாதவராக இருந்தால் சிறியதை எடுப்பதே பாதுகாப்பான தேர்வு. பெண்களுக்கென விற்கப்படும் வண்டிகளுக்கும் இதே சோதனைதான். வண்ணத்தையும் பெயரையும் ஒதுக்கிவிட்டு எட்டும் தூரத்தையும் சீட்டின் அகலத்தையும் பாருங்கள்.

சீட்டின் உயரத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை மூன்று முறை வென்ற கிரெக் லெமாண்டின் பெயரோடு அது வழங்குகிறது: உட்கால் அளவை 0.883ஆல் பெருக்கினால், பெடல் பூட்டிய கிராங்க் சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்புவரை இருக்க வேண்டிய தூரம் கிடைக்கும். 78 சென்டிமீட்டர் உட்காலுக்கு அது ஏறக்குறைய 69. கணக்கு வேண்டாம் என்பவர்கள் சீட்டில் அமர்ந்து, கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வைத்துப் பார்க்கலாம்; கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்து மிதித்தால் முழங்கால் 25 முதல் 35 பாகை வரை மடிந்திருக்கும், அதுவே வேண்டியது. இந்த உயரத்தில் அமர்ந்தால் தரையில் பாதம் முழுவதும் ஊன்ற முடியாது, விரல் நுனி தொட்டாலே அதிகம். சிறுவயதில் இரு காலையும் ஊன்றிக்கொண்டு பழகிய நம்மில் பலருக்கு இது அச்சமூட்டுவதால் சீட்டைத் தாழ்த்தியே வைத்துக்கொண்டு, சில வாரங்களில் முழங்கால் வலிக்கிறது என்று வண்டியை மூலையில் சாய்த்துவிடுகிறோம். நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி மேல்குழாயின் இருபுறமும் கால் ஊன்றி நிற்கப் பழகினால் இந்த அச்சம் போய்விடும். ஒரே நாளில் ஏற்ற வேண்டியதில்லை. சில நாளுக்கு ஒருமுறை ஒரு சென்டிமீட்டர் என்று ஏற்றுங்கள்.

உடல் சொல்லும் குறிப்புகளைப் படிக்கத் தெரிந்தால் பெரும்பாலான சரிசெய்தல்களை நீங்களே செய்துகொள்ளலாம். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்ந்திருக்கிறது. பின்பக்கம் வலித்தாலோ ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இடமும் வலமும் ஆடினாலோ உயர்ந்திருக்கிறது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால் உள்ளங்கையின் மீது பாரம் மிகுந்து அங்கே ஓடும் நரம்பு அழுந்துகிறது. சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறதா, எட்டும் தூரம் நீண்டிருக்கிறதா என்று பாருங்கள். உட்காருமிடத்தில் முதல் இரண்டு வாரம் வலி இருப்பது இயல்பு. அதற்காக மெத்தை போன்ற அகன்ற சீட்டை உடனே வாங்க வேண்டாம்: உடலைத் தாங்க வேண்டியவை இடுப்பின் கீழுள்ள இரண்டு எலும்பு முனைகள், மிக மென்மையான சீட்டில் அவை புதைந்து நடுவிலுள்ள மென்தசை அழுந்துகிறது. அந்த எலும்புகளுக்கு ஏற்ற அகலமும் ஓரளவு உறுதியும் கொண்ட சீட்டே நீண்ட பயணத்தில் சுகம் தரும். மரத்துப்போகும் உணர்வு தொடர்ந்தால் மட்டும் பொறுத்துக்கொள்ளாமல் சீட்டை மாற்றிவிடுங்கள்.

டயரைப் பற்றி நீளமாகவே எழுத வேண்டும், ஏனென்றால் வண்டி ஓடும் விதத்தை இதைவிட மலிவாக மாற்றக்கூடிய பாகம் வேறில்லை. டயரின் பக்கவாட்டில் 37-622 என்பதுபோல ஓர் எண்ணிணை அச்சிடப்பட்டிருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது எண் டயர் ரிம்மில் அமரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். 700சி என்றும் 29 அங்குலம் என்றும் வெவ்வேறு பெயரில் விற்கப்படுபவை இரண்டுமே 622தான், 27.5 அங்குலம் என்பது 584, பழைய மலை வண்டிகளின் 26 அங்குலம் என்பது 559. அங்குலக் கணக்கு குழப்பமானது, ஒரே 26 அங்குலம் என்ற பெயரில் ஒன்றோடொன்று பொருந்தாத பல விட்டங்கள் உண்டு. டயரும் டியூபும் வாங்கும்போது இந்த மூவிலக்க எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். புதிய வண்டிக்கு 622 அளவே என் பரிந்துரை, எந்த ஊரிலும் மாற்று டயர் கிடைக்க அதில்தான் வாய்ப்பு அதிகம்.

ஒல்லியான டயர்தான் வேகமானது என்ற எண்ணம் நெடுங்காலம் பந்தய வீரர்களிடமே இருந்தது. சொரசொரப்பான சாலையில் கல்லாய் இறுகிய டயர் ஒவ்வொரு சிறு மேட்டிலும் வண்டியையும் ஓட்டுபவரையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறது, அந்தத் தூக்கலுக்குச் செலவாவதும் உங்கள் கால் பலம்தான். சற்று அகன்ற, சற்று இளகிய டயர் மேட்டைத் தனக்குள் வாங்கிக்கொண்டு முன்னேறுகிறது. 23 மில்லிமீட்டரில் ஓடிக்கொண்டிருந்த பந்தய வண்டிகளே இன்று 28க்கும் அதற்கு மேலும் வந்துவிட்டன. உங்களுக்கு 35 முதல் 42 என்று சொன்னதற்கும் அதுவே காரணம். அந்த அகலத்தில் டயரே ஷாக் அப்சார்பரின் வேலையில் பெரும்பங்கைச் செய்துவிடும். பரப்பில் ஆழமான கட்டைகள் உள்ள மண்பாதை டயரைத் தார்ச்சாலையில் ஓட்டினால் முரல் சத்தமும் தேய்மானமும்தான் மிஞ்சும், நடுவில் வழவழப்பாக இருப்பதே போதும்.

காற்றழுத்தத்தில் பலர் டயரில் அச்சிட்ட உச்ச அளவையே இலக்காகக் கொள்கிறார்கள். அது தாண்டக் கூடாத எல்லையே தவிரப் பின்பற்ற வேண்டிய அளவாகாது. 70 கிலோ எடையுள்ளவருக்கு 38 மில்லிமீட்டர் டயரில் 45 முதல் 60 பிஎஸ்ஐ வரை பொருத்தமாக இருக்கும். உடல் எடைக்கேற்பக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும், பாரம் அதிகம் தாங்கும் பின்சக்கரத்தில் சில பிஎஸ்ஐ கூடுதலாக வைக்க வேண்டும். மிகக் குறைவாக இருந்தால் பள்ளத்தின் விளிம்பில் மோதும்போது டியூப் ரிம்முக்கும் தரைக்கும் நடுவே நசுங்கி, அருகருகே இரண்டு துளைகள் விழும். பாம்பு கடித்த தடம்போல இருக்கும் அந்த ஜோடித் துளையைக் கண்டால் முள்ளைத் தேடாமல் காற்றைக் கூட்டுங்கள். ரப்பர் டியூப் சும்மா இருக்கும்போதே மெல்லக் காற்றை இழக்கும் என்பதால் அழுத்தமானி பொருத்திய, தரையில் நிறுத்தி அடிக்கும் பம்பு ஒன்று வீட்டில் கட்டாயம் வேண்டும். வாங்கும் முன் உங்கள் வண்டியின் வால்வு எது என்று பாருங்கள்: மோட்டார் வாகனங்களில் உள்ள தடித்த ஷ்ரேடர் வகையா, முனையில் சிறு திருகு உள்ள ஒல்லியான பிரெஸ்டா வகையா என்று தெரிந்தால் போதும், பெரும்பாலான பம்புகள் இரண்டுக்கும் பொருந்தும்.

கியர் எண்ணிக்கைக்கு வருவோம். 21 கியர் என்பது முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு என்பதன் பெருக்கல் மட்டுமே. முன்னால் 42, 34, 24 பற்களும் பின்னால் 14, 16, 18, 20, 22, 24, 28 பற்களும் உள்ள வழக்கமான அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். முன் பற்களைப் பின் பற்களால் வகுத்தால், பெடலின் ஒரு சுற்றுக்குப் பின்சக்கரம் எத்தனை முறை சுற்றும் என்ற விகிதம் கிடைக்கும். 24ஐ 14ஆல் வகுத்தால் 1.71, 34ஐ 20ஆல் வகுத்தால் 1.70, 42ஐ 24ஆல் வகுத்தால் 1.75: மூன்று கியராக எண்ணப்படுவது உண்மையில் ஒன்றே. முன்னால் 40 பற்களுள்ள ஒரே சக்கரமும் பின்னால் 11 முதல் 42 வரையிலான பத்துச் சக்கரங்களும் கொண்ட வண்டி, பாதிக்கும் குறைவான எண்ணிக்கையில் இதைவிட அகன்ற வீச்சைத் தருகிறது. ஒரே கையால் மாற்றலாம், பழுதாகும் பாகமும் குறைவு.

பார்க்க வேண்டியது மிகக் குறைந்த கியர்தான். நிமிடத்துக்கு 80 சுற்று வீதம் மிதித்தால், 38 மில்லிமீட்டர் டயருள்ள 622 சக்கரத்தில் 2 என்ற விகிதம் மணிக்கு ஏறக்குறைய 21 கிலோமீட்டரையும் 3 என்ற விகிதம் 31 கிலோமீட்டரையும் தரும். அதற்கு மேற்பட்ட கியர்கள் உங்களுக்கு இறக்கத்தில் தவிர உதவப்போவதில்லை. மறுமுனையில், ஏற்றங்கள் உள்ள பகுதியானால் முன் பற்களைவிடப் பின் பற்கள் அதிகமாக, அதாவது விகிதம் 1க்குக் கீழே இறங்கும்படி ஒரு கியராவது இருக்க வேண்டும். மூச்சிரைத்து இறங்கித் தள்ளுவதற்கும் மெதுவாகவேனும் ஏறிவிடுவதற்கும் உள்ள வேறுபாடு அதுவே. முற்றிலும் தட்டையான ஊரில் கியரே இல்லாத வண்டியும் சக்கரத்தின் அச்சுக்குள்ளேயே மூன்று கியர் அடங்கிய வண்டியும் நல்ல தேர்வுகள்; இவற்றைப் பராமரிப்பது எளிது.

பிரேக்கில் நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. ரிம்மைப் பிடிக்கும் வி-பிரேக் வறண்ட சாலையில் போதுமானது, எங்கும் பழுது பார்க்கலாம். மழையிலும் நெடிய இறக்கங்களிலும் டிஸ்க் பிரேக் தெளிவாக மேல், அதிலும் எண்ணெய் அழுத்தத்தில் இயங்குவது ஒரு விரலின் அழுத்தத்துக்கே பணியும். மிக மலிவான கம்பி டிஸ்க் பிரேக்கைவிட நன்கு சரிசெய்த வி-பிரேக் எனக்கு மேலாகத் தோன்றுகிறது. ஃபிரேமைப் பொறுத்தவரை அலுமினியம் போதும். எஃகு சற்றுக் கனம், ஆனால் நெடுங்காலம் உழைக்கும், வெல்டிங் செய்து சரிசெய்யலாம்; கார்பன் உங்கள் தேவைக்கு வேண்டியதில்லை. ஹைப்ரிட் வண்டி 11 முதல் 13 கிலோவுக்குள் இருந்தால் நன்று, அதற்கும் கீழே ஒவ்வொரு கிலோவைக் குறைக்கவும் விலை பெருமளவில் ஏறும். அந்தப் பணத்தை நல்ல டயருக்கும் ஹெல்மெட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். கேரியரும் மட்கார்டும் திருகுவதற்கான துளைகள் ஃபிரேமில் இருக்கின்றனவா என்று மட்டும் மறக்காமல் பாருங்கள், பின்னாளில் பை கட்டிக்கொண்டு தொலைதூரம் போக விரும்பினால் அப்போதுதான் அவற்றின் அருமை தெரியும்.

ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். கடை வாசலில் ஒரு வட்டம் அடிப்பது போதாது. சீட்டைச் சரியான உயரத்துக்கு வைக்கச் சொல்லி, கால்மணி நேரமாவது ஓட்டி, எல்லாக் கியரையும் மாற்றி, வலுவாகப் பிரேக் பிடித்துப் பாருங்கள். சீட்டை உயர்த்திக் கொடுக்கவே சோம்பும் கடையில் வண்டி வாங்காமல் இருப்பது நலம். ஏற்கெனவே ஓடிய வண்டியும் தாராளமாக வாங்கலாம். பலர் ஆசையாக வாங்கிச் சில மாதத்தில் விற்றுவிடுவதால் அதிகம் ஓடாத வண்டிகள் கிடைக்கும். ஃபிரேமின் இணைப்புகளில், குறிப்பாக முன் குழாய்க்குப் பின்னால், பெயின்ட் சுருங்கியோ விரிசல் விட்டோ இருக்கிறதா, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் பின்னோக்கி வளைந்திருக்கிறதா, சீட் தண்டு அசைகிறதா அல்லது துருவில் இறுகிவிட்டதா, சக்கரத்தைச் சுற்றினால் ரிம் நெளிகிறதா என்று பாருங்கள். கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் தளர்வு இருக்கக் கூடாது. ஃபிரேமின் அடிப்பகுதியில் பொறித்த எண் சுரண்டப்பட்டிருந்தால் அது திருட்டு வண்டியாக இருக்கலாம், விட்டுவிடுங்கள்.

வண்டியோடு சேர்த்தே வாங்க வேண்டியவை ஹெல்மெட்டும் முன்னும் பின்னும் விளக்கும். ஹெல்மெட் நெற்றியை மூடி, புருவத்துக்கு இரண்டு விரல் மேலே கிடைமட்டமாக அமர வேண்டும். ஒருமுறை பலமாக அடிபட்டதை, வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், மறுபடி அணியக் கூடாது. உள்ளிருக்கும் நுரை நசுங்கித்தான் அந்த அடியை வாங்கியிருக்கும். மாற்று டியூப், டயர் கழற்றும் நெம்புகோல் இரண்டு, சிறிய கைப்பம்பு, 4, 5, 6 மில்லிமீட்டர் ஆலன் சாவிகள் சேர்ந்த ஒரு கருவி ஆகியவை சீட்டுக்கடியில் ஒரு சிறு பைக்குள் அடங்கும். பஞ்சரை வழியில் ஒட்ட முயலாமல் டியூபை மாற்றிவிட்டு வீட்டில் ஒட்டுவதே வழக்கம், ஆனால் புதிய டியூபைப் போடுமுன் டயரின் உட்புறத்தை விரலால் தடவி முள்ளை எடுத்துவிட வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டத் தொடங்கியதும் பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டை வாங்கலாம். அதற்கடியில் உள்ளாடை அணிவதில்லை என்பதைக் கடையில் யாரும் சொல்வதில்லை, தையல் உராய்ந்து தோல் புண்ணாவதைத் தவிர்க்கவே அந்த ஏற்பாடு.

ஓட்டத் தொடங்கும்போது தூரத்தை மறந்துவிட்டு நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் அரை மணி நேரம், வாரத்துக்கு மூன்று நாள், பேசிக்கொண்டே மிதிக்க முடியும் வேகத்தில் ஓட்டினால் போதும். பிறகு வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு என்ற அளவில் கூட்டிக்கொண்டே போனால், நீங்கள் நினைக்கும் 30 கிலோமீட்டர் தானாக வந்து சேரும். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அதற்கு இது தாராளமாகப் போதும். ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: சைக்கிளில் உடல் எடையைச் சீட் தாங்குவதால் எலும்புகளுக்கு வேண்டிய சுமை கிடைப்பதில்லை, எனவே நடையையோ எடைப் பயிற்சியையோ முற்றிலும் விட்டுவிடாதீர்கள். இதய நோயோ மார்பு வலியோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது அவசியம்.

கனமான கியரில் அழுத்தி மிதிப்பதே உடற்பயிற்சி என்று எண்ணுவது முழங்காலுக்குக் கேடு. லேசான கியரில் நிமிடத்துக்கு 70 முதல் 85 சுற்று வரை சுழற்றப் பழகுங்கள். ஏற்றம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும், நடுவில் பலம் முழுவதையும் போட்டு மிதிக்கும்போது மாற்றினால் செயின் நழுவும், பற்களும் தேயும். பிரேக் பிடிக்கும்போது உடலின் பாரம் முன்னோக்கிச் சாய்வதால் வண்டியை நிறுத்துவதில் முன்பிரேக்கின் பங்கே பெரிது. இடுப்பைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்துங்கள். மணலிலும் ஈரமான வளைவிலும் மட்டும் முன்பிரேக்கை இலேசாகவே தொட வேண்டும். எந்தக் கையில் எந்தப் பிரேக் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், இரவல் வண்டியில் ஏறுமுன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். நிறுத்திய கார்களின் ஓரமாகப் போகும்போது கதவு திறந்தால் இடிக்காத தொலைவில், ஒரு மீட்டராவது தள்ளிப் போவது நல்லது. ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும் பயணத்தில் தண்ணீரோடு ஏதேனும் உணவும் கொண்டுசெல்லுங்கள், பசி தெரிந்த பிறகு சாப்பிட்டால் கால்கள் உடனே எழுவதில்லை.

பராமரிப்பில் நீங்கள் கட்டாயம் கற்க வேண்டியது செயினைத்தான். பழைய துணியால் அழுக்கைத் துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு செயின் எண்ணெய் விட்டு, கிராங்கைப் பின்னோக்கிச் சுற்றி, வெளியே மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். மேலே பளபளக்கும் எண்ணெய் புழுதியைச் சேர்த்துத் தேய்ப்புக் களிம்பாகும். புதிய செயினில் அடுத்தடுத்த ஊசிகளுக்கு இடையே 12.7 மில்லிமீட்டர் தூரம் இருக்கும், 24 இடைவெளிகள் சேர்ந்தால் 304.8, அது 306ஐத் தாண்டி 307ஐ நெருங்கினால் செயினை மாற்றிவிடுவது சிக்கனம், தள்ளிப்போட்டால் பின்பல்சக்கரத்தையும் சேர்த்து மாற்ற நேரிடும்.

பெட்டியில் பாதி கோத்த நிலையில் வண்டி வந்து சேர்ந்தால் இரண்டு இடங்களில் விழிப்பாக இருங்கள். இடப்பக்கப் பெடலின் மரை தலைகீழானது, அதை இடஞ்சுழியாகத் திருப்பித்தான் இறுக்க வேண்டும். பலத்தால் வலஞ்சுழியாக முடுக்கினால் கிராங்கின் மரை அழிந்துவிடும். ஃபோர்க் பின்பக்கமாகத் திரும்பியிருக்கும் நிலையிலேயே ஹேண்டில்பாரைப் பூட்டிவிடுபவர்களும் உண்டு, டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில் முன்பிரேக்கின் பிடிப்பான் ஃபோர்க்குக்குப் பின்னால் இருந்தால் திசை சரி. புதிய வண்டியின் கம்பிவடங்களும் ஸ்போக்குகளும் முதல் சில வாரங்களில் தம் இடத்தில் படிந்து சற்றுத் தளரும், அதனால் கியர் தடுமாறுவதும் சக்கரத்தில் மெல்லிய கிரீச்சொலி எழுவதும் பழுதாகாது. ஒரு மாதம் ஆனதும் ஒருமுறை கடைக்குக் கொண்டுபோய் அவற்றை இறுக்கி வாங்கிக்கொள்ளுங்கள். விலை பேசும்போதே இந்த முதல் சர்வீஸ் அதில் சேர்ந்ததா என்று கேட்டுவிடுவது நல்லது.